தெருவுக்கு வந்த எழுத்து

ஐரோப்பாவில் அச்சுக்கலை தோன்றிய நாள்தொட்டு ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் வரை, அச்செழுத்து பெரும்பாலும் நூலுக்கே உரியதாய் விளங்கிற்று. கையில் ஏந்திக் கண்ணருகே வைத்துப் படிப்பதற்கென்றே அது வார்க்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிலை மாறியது. இங்கிலாந்தில் ஆலைகள் பெருகின. விற்பனைப் பொருள்கள் குவிந்தன. நகரங்களில் மக்கள் நெருங்கினர். லாட்டரிச் சீட்டு விற்போரும் நாடகக் கொட்டகையினரும் சுவரொட்டிகளால் மக்களை அழைக்கலாயினர். வழிப்போக்கனைத் தொலைவிலேயே நிறுத்தவல்ல எழுத்து தேவையாயிற்று.

இத்தேவையை முதலில் உணர்ந்தோருள் ஒருவர், இலண்டன் எழுத்து வார்ப்பாளர் இராபர்ட் தோர்ன். 1803ஆம் ஆண்டையொட்டி அவர் உருவாக்கிய எழுத்துகளில் நிமிர்ந்த கோடுகள் மிகப் பருத்தும், இணைப்புக் கோடுகள் மயிரிழைபோல் மெலிந்தும் இருந்தன. 'கொழுத்த முகம்' என்னும் பொருள்படவே அவை பெயர் பெற்றன. 1816இல் நான்காம் வில்லியம் கேஸ்லன், முனைகளில் பாதமே இல்லாத எழுத்தைத் தம் மாதிரி ஏட்டில் வெளியிட்டார்.

ஆயினும் பேரெழுத்துக்கு ஈயம் ஏற்றதாக அமையவில்லை. கனம் மிகுந்தது, குளிரும்போது மேற்பரப்பு சீர்கெட்டது, செலவும் ஏறிற்று. 1827இல் நியூயார்க் நகரின் டேரியஸ் வெல்ஸ், சுழலும் வெட்டுக்கருவியால் மரத்தில் எழுத்துகளைக் குடைந்தெடுக்கும் முறையைக் கண்டார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதனோடு பாண்டோகிராஃப் என்னும் படியெடுக்கும் கருவியை இணைத்தார். ஒரே மாதிரியிலிருந்து பல அளவுகளில் எழுத்துகளை வெட்ட வழி பிறந்தது. அகன்றனவும் நெடியனவுமான மர எழுத்துகள் சுவர்களை நிறைத்தன. ஒன்றையொன்று விஞ்ச முயன்றதன் விளைவாக, எல்லாமே தடித்த இடத்தில் எதுவும் தனித்துத் தோன்றாத நிலை உண்டாயிற்று.

இதற்கு வேறொரு திசையில் விடை பிறந்தது. 1820இல் தோர்ன் மறைந்தபின், அவருடைய வார்ப்பகம் வில்லியம் தோரோகுட் கைக்கு மாறிற்று. அங்குப் பணியாற்றிப் பங்காளியாக உயர்ந்தவர் இராபர்ட் பெஸ்லி. பெஞ்சமின் ஃபாக்ஸ் செதுக்கிய 'கிளாரண்டன்' எழுத்தை அவ்வார்ப்பகம் 1845இல் வெளியிட்டது. அளவோடு தடித்த அவ்வெழுத்து, மெல்லிய நூலெழுத்துக்குப் பக்கத்திலேயே ஒரே வரியில் நிற்கத்தக்கது. அகராதியின் தலைச்சொல்லைப் பொருள் விளக்கத்தினின்று பிரித்துக் காட்ட அது பெரிதும் பயன்பட்டது.

புதிய வடிவமைப்புகளைக் காக்க 1842இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் பெஸ்லி அதனைப் பதிவு செய்தார். கிடைத்த காப்போ மூன்றே ஆண்டுகள். அது முடிந்ததும் பிற வார்ப்பகத்தார் தயக்கமின்றி அவ்வடிவத்தைப் பின்பற்றினர். மர எழுத்துச் செய்வோர் அதனை மேலும் அகலமாக்கிச் சுவரொட்டிக்குக் கொண்டு சென்றனர். உழைத்தவருக்கு இஃது இழப்பே; எனினும் அவ்வெழுத்து உலகெங்கும் பரவ இதுவே வழியும் ஆயிற்று. 1953இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் அதற்குப் புத்துயிர் அளித்தார்.

பாடநூலில் அருஞ்சொல்லைத் தடித்த எழுத்தில் காணும் மாணவன், அச்சுக்கலைஞர் தெருவில் கற்றுக்கொண்ட பாடத்தின் பயனையே பெறுகிறான். சுற்றியுள்ள சொற்கள் அடங்கி நிற்கும்போதுதான் தடித்த சொல் கண்ணில் படுகிறது.