ஓட்டை விழுதல்

விராலிமலைப் பக்கம் 'போர் போடுறது' என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். வானம் பார்த்த பூமி. அந்தப் 'போர்' என்னும் சொல்லுக்கு ஓர் உறவு, வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் திருச்சி ஆஸ்பத்திரிகளின் பச்சிளங்குழந்தை வார்டில் வழங்குகிறது: 'பர்ஃபரேஷன்'. லத்தீனில் 'பெர்' என்றால் ஊடாக, 'ஃபொராரே' என்றால் குடைதல். ஆங்கில 'போர்', இந்த 'ஃபொராரே' இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை.

ஆனால் குடைவதற்கு ஒரு கை வேண்டுமே. 28 வாரம் நிறையுமுன் பிறந்து, ஒரு கிலோகூடத் தேறாத பிள்ளைக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில், பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள், ஓட்டை விழுவதுண்டு. யாரும் குடையவில்லை, அந்த இடத்தில் குடலின் தசைப்படலம் மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். அதனால்தான் 'தானாக' என்னும் பொருளில் 'ஸ்பான்டேனியஸ்' என்ற அடைமொழியைச் சேர்த்து, 'ஸ்பான்டேனியஸ் இன்டெஸ்டினல் பர்ஃபரேஷன்' என்றார்கள்; அதையே 'எஸ்.ஐ.பி.' என்று சுருக்கினார்கள்.

இந்தப் பெயர் தனித்து நிற்க நாளாயிற்று. 1953இல் ஷ்மிட், குவைசர் இருவரும் ஆஸ்திரிய மருத்துவ இதழொன்றில் குடல் அழுகும் நோய்க்கு இட்ட பெயர் 'நெக்ரோடைசிங் என்டரோகொலைட்டிஸ்'. கிரேக்கத்தில் 'நெக்ரோஸ்' என்றால் பிணம். வார்டில் அது 'நெக்'. பெரும்பாலும் பால் கொடுக்கத் தொடங்கிய பிறகு வருவது. குறைமாசப் பிள்ளையின் குடல் ஓட்டையையெல்லாம் இதன் கணக்கில் எழுதிய காலம் உண்டு. எஸ்.ஐ.பி.யிலோ ஓட்டையைச் சுற்றியுள்ள குடல் உயிரோட்டத்தோடு இருக்கும். அதற்குப் பிணத்தின் பெயர் பொருந்தவே பொருந்தாது. இரண்டையும் பிரித்துப் பார்த்ததில் வேறொன்றும் தெரிந்தது: பிறந்த முதல் நாட்களில் இன்டோமெதசின் என்ற மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்து உள்ளே போனால் எஸ்.ஐ.பி. வரும் வாய்ப்பு கூடுகிறது.

'குடல்ல ஓட்டை விழுந்துருச்சு' என்கிறது நம் பேச்சு. துளைப்பதற்கு ஆள் வேண்டும். ஓட்டை, கூரையில் விழுவதுபோலத் தானாக விழும். 'ஸ்பான்டேனியஸ்' சொல்ல வந்தது அந்த 'விழு'வுக்குள்ளேயே இருக்கிறது. 'குடல் துளைப்பு' என்று கலைச்சொல் ஆக்குவது எனக்கு உவப்பில்லை. 'நான் தின்னது ஏதும் சேரலையோ' என்று கலங்கும் தாயிடம், 'தானா விழுந்ததும்மா, உன்னால இல்ல' என்று சொல்ல இந்தச் சொல்லே போதும்.

பிள்ளைக்கு வயிறு உப்பி, வயிற்றுத் தோல் நீலம் பாரித்தால் எக்ஸ்ரே எடுப்பார்கள். குடலுக்கு வெளியே காற்று தெரியும். வயிற்றில் சிறு குழாய் வைத்து வடியவிட்டாலே சில பிள்ளைகளுக்கு ஓட்டை தூர்ந்துவிடுகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு வயிற்றைத் திறந்துதான் ஆகவேண்டும்.