ஒரே பருவம் ஆடி நின்ற மாதர் கிண்ணம்

1921ஆம் ஆண்டு மலாயாவின் காற்பந்து வரலாற்றில் மறக்கவொண்ணாத ஆண்டு. 'மலாயா' என்னும் பெயர் தாங்கிய போர்க்கப்பல் அவ்வாண்டின் தொடக்கத்தில் நம் துறைமுகங்களுக்கு வந்து சென்றது. அதன் மாலுமிகள் வழங்கிய கிண்ணத்துக்காக மாநிலங்கள் தம்முள் மோதத் தொடங்கின. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2–1 என்ற கோல் கணக்கில் வென்றது. 1967இல் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறிய அப்போட்டியைப் பற்றி நம் பிள்ளைகள் பாடநூலின் துணையின்றியே அறிவார்கள். அதே 1921ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் இலண்டனில் கூடிய இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கத்தின் மன்றம் ஒரு தீர்மானம் செய்தது. அத்தீர்மானத்தையும், அதற்கு மறுமொழிபோல எழுந்து ஒரே பருவத்தோடு முடிந்துபோன ஒரு மாதர் கிண்ணப் போட்டியையும் நம்மில் அறிந்தோர் மிகச் சிலரே.

மாதர் பந்தாடியது அன்றைக்குப் புதிதன்று. 1895 மார்ச்சு 23ஆம் நாள் இலண்டனின் கிரௌச் எண்ட் பகுதியில் வடக்கு, தெற்கு என இரு குழுக்களாகப் பிரிந்து பெண்கள் ஆடிய ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 10,000 பேர் கூடினர். வந்தவர்களிற் பலர் எள்ளி நகையாடவே வந்தனர் என்று கருத இடமுண்டு. முதல் உலகப் போர் வந்த பின்னர் நகைப்பு அடங்கிற்று. ஆடவர் போர்முனைக்குப் போயினர். வெடிகுண்டு செய்யும் ஆலைகளிற் பெண்கள் புகுந்தனர். உணவு வேளையில் ஆலை முற்றத்தில் பந்தும் புகுந்தது.

அவ்வாலைகளுள் புகழ்பெற்றது பிரஸ்டன் நகரத்து டிக், கெர் நிறுவனம். போருக்கு முன் டிராம் வண்டிகள் செய்தவர்கள் இவர்கள். 1904இல் ஹாங்காங் நகரில் ஓடத் தொடங்கிய டிராம்களும் இவர்கள் வேலையே என்பது கீழ்த்திசை வாசகர்க்குச் சுவையான செய்தியாயிருக்கும். 1917ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் இவ்வாலைப் பெண்கள் காயமுற்ற வீரர்களுக்கு நிதி திரட்டப் பிரஸ்டனின் டீப்டேல் திடலில் ஆடினர்; 10,000 பேர் காண வந்தனர். மூன்றாண்டு கழித்து 1920 டிசம்பர் 26ஆம் நாள், லிவர்ப்பூலின் குடிசன் பார்க் திடலில் அவர்கள் செயின்ட் ஹெலன்ஸ் மாதரை 4–0 என வென்றபோது உள்ளே இருந்தவர்கள் 53,000 பேர். இடமின்றித் திரும்பியவர்களும் ஆயிரக்கணக்கினர். ஒரே நாளில் 3,000 பவுனுக்கு மேல் வசூலாயிற்று.

இதன் பின் ஓராண்டு கழிவதற்குள் வந்ததே நான் மேலே சொன்ன தீர்மானம். காற்பந்து பெண்களுக்குச் சற்றும் ஏற்றதன்று, அதனை ஊக்குவிக்கலாகாது என்பது மன்றத்தின் கருத்து. வசூற் பணத்தில் மிகுதி செலவுக்குப் போகிறது, அறத்துக்குப் போவது குறைவு என்னும் குறையும் உடன் சேர்க்கப்பட்டது. ஆயினும் வாசகர்கள் கூர்ந்து நோக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. பெண்கள் ஆடக்கூடாது என்று அம்மன்றம் சட்டம் செய்யவில்லை. செய்யும் அதிகாரமும் அதற்கில்லை. தன் கீழுள்ள சங்கங்கள் பெண்களின் ஆட்டத்துக்குத் தங்கள் திடலைத் தரலாகாது என்று மட்டுமே கேட்டுக்கொண்டது. ஆட்டத்தை அது தொடவில்லை, திடலைப் பிடுங்கிக்கொண்டது. இங்கிலாந்தில் வேலியும் வாயிலும் இருக்கைகளும் கொண்ட காற்பந்துத் திடல்கள் பெரும்பாலும் அச்சங்கங்களின் கையில் இருந்தன. ஆகவே சட்டம் செய்திருந்தால் விளைந்திருக்கக் கூடியதனைத்தும் அந்த ஒரு வேண்டுகோளாலேயே விளைந்தது.

உண்மைக் காரணம் யாது? வரலாற்றாசிரியர்கள் 1921ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்கக் கதவடைப்பைச் சுட்டுகின்றனர். வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காக அவ்வாண்டில் மாதர் குழுக்கள் பல ஆட்டங்கள் ஆடி நிதி திரட்டின. போர் வீரர்க்குத் திரட்டியபோது போற்றியவர்கள், தொழிலாளர்க்குத் திரட்டியபோது முகம் சுளித்தனர் என்பது அவர்கள் துணிபு. ஆடவர் ஆட்டத்துக்கு வரும் கூட்டம் குறைந்துவிடுமோ என்ற அச்சமும் உண்டு என்பர். இரண்டும் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தீர்மானம் வந்த அதே டிசம்பரில், சில நாட்களுக்குள், பிளாக்பர்ன் நகரில் மாதர் குழுக்களின் சார்பாளர்கள் கூடி இங்கிலாந்து மாதர் காற்பந்துச் சங்கம் என்ற ஒன்றை நிறுவினர். ஸ்டோக் நகரைச் சேர்ந்த லென் பிரிட்ஜெட் அதன் தலைவரானார். இவர் ஸ்டோக் மாதர் குழுவை நடத்தி வந்தவர். இவர் உடன்பிறந்த ஆர்தர் பிரிட்ஜெட் இங்கிலாந்து நாட்டுக் குழுவில் ஆடிய புகழுடையவர். காற்பந்தின் உள்ளே வளர்ந்த குடும்பமொன்று பெண்களின் பக்கம் நின்றதென்பது குறிப்பிடத்தக்கது.

அச்சங்கம் செய்த முதற்பணி, நாடு தழுவிய கிண்ணப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. வெள்ளிக் கிண்ணத்தைப் பிரிட்ஜெட்டே வழங்கினார். இதற்கு முன் 1917–18இல் இங்கிலாந்தின் வடகிழக்கில் வெடிகுண்டு ஆலைப் பெண்களுக்கென ஒரு கிண்ணம் நடந்ததுண்டு. அது வட்டார அளவினது. 1922ஆம் ஆண்டின் போட்டியோ நாட்டுக்குரியது. தோற்றவர் வெளியேற, வென்றவர் அடுத்த சுற்றுக்குச் செல்லும் முறையில் 20க்கு மேற்பட்ட குழுக்கள் அதில் இறங்கின. டிக், கெர் குழு மட்டும் விலகி நின்றது. புகழின் செருக்கோ, வேறு கணக்கோ, நாட்டின் தலைசிறந்த குழு அக்கிண்ணத்தில் ஆடவில்லை. இது அப்போட்டிக்கு ஒரு குறையே என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இறுதியாட்டம் 1922 ஜூன் 24ஆம் நாள் ஸ்டோக் நகரத்தின் கோப்ரிட்ஜ் பகுதியில் நடந்தது. ஜூன் என்பதை நோக்குக. அக்காலத்தில் இங்கிலாந்தில் காற்பந்துப் பருவம் மே மாதத் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். பின்னர் கிரிக்கெட் காலம். கோடையில் இவர்கள் ஆட நேர்ந்ததற்குத் திடல் கிடைக்காமையும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது என் ஊகம். அன்று எதிர்நின்றோர் ஸ்டோக் மாதரும், டான்காஸ்டர்–பெண்ட்லி மாதரும். முன்னது பீங்கான் தொழில் செழித்த ஊர். பின்னது நிலக்கரிச் சுரங்க வட்டாரம். சூளைப் புகைக்கும் சுரங்கத் தூசுக்கும் பழகிய இரண்டு ஊர்களின் பெண்கள் ஒரு நாட்டின் கிண்ணத்துக்கு ஆடினர். ஸ்டோக் 3–1 என வென்றது.

அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அக்கிண்ணத்துக்கு ஆட்டம் நடைபெறவில்லை. சங்கமும் மெல்ல மறைந்தது.

போர் முடிந்தது, பெண்கள் வீடு திரும்பினர், ஆர்வமும் தணிந்தது என்று இதற்கு விளக்கம் கூறுவாருண்டு. இவ்விளக்கம் எனக்கு உடன்பாடன்று. ஆர்வம் தணிந்திருந்தால் தடைக்குப் பின் அத்தனை குழுக்கள் பெயர் கொடுத்திருக்குமா? டிக், கெர் குழு 1922இல் அமெரிக்கா சென்று ஆடவர் குழுக்களோடு 9 ஆட்டங்கள் ஆடி 3 வென்று, 3 சமன் செய்து, 3 தோற்றது. 1965 வரை அக்குழு நிலைத்தது. தடை வந்த வேளையில் அதற்கு ஆலைக்குரிய ஆஷ்டன் பார்க் என்னும் சொந்தத் திடல் இருந்தது. மற்றக் குழுக்களோ பூங்காவிலும் ரக்பித் திடலிலும் இடம் தேடி அலைந்தன. வேலியில்லாத இடத்தில் நுழைவுச் சீட்டு விற்கமுடியாது. சீட்டு விற்காவிட்டால் பயணச் செலவுக்குப் பணமில்லை. பயணமில்லாமல் நாடு தழுவிய போட்டி ஏது? கிண்ணம் ஒன்று நின்றுபோவதற்கு இதற்கு மேல் காரணம் தேடவேண்டுமா?

இவ்விடத்தில் என் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுவது நேர்மை. 1996இல், பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த சில ஆண்டுகளுக்குள், ஒரு தோட்டப் பள்ளியில் விளையாட்டுப் பொறுப்பு என்னிடம் இருந்தது. லயத்துக்குக் கீழே ஒரே ஒரு திடல். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, மரம் வெட்டப் போகும் தாய் தந்தையரின் மகள், வெறுங்காலால் உதைக்கும் பந்து நான் பழக்கிய பையன்கள் எவருடையதையும்விட நேராகப் போகும். "சார், நானும் ஆடட்டுமா?" என்று மூன்று நாள் வந்து நின்றாள். "பையன்கள் ஆடும் நேரம் இது, நீ வலைப்பந்துக்குப் போம்மா" என்றேன். நான்காம் நாள் அவள் வரவில்லை. பெண் பிள்ளைகள் காற்பந்து ஆடக்கூடாதென்று எந்தச் சுற்றறிக்கையும் அன்று இல்லை. நான் அவளை ஆடாதே என்றும் சொல்லவில்லை. திடலை மட்டுமே மறுத்தேன்.

பின்னை நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1969இல் இங்கிலாந்தில் மாதர் சங்கம் மீண்டும் தோன்றிற்று. 1970ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காற்பந்துச் சங்கம் தன் பழைய தீர்மானத்தைக் கைவிட்டது. 1970–71ஆம் பருவத்தில் 71 குழுக்கள் ஆடிய புதிய கிண்ணத்தை, 1971 மே 9ஆம் நாள் இலண்டனின் கிறிஸ்டல் பேலஸ் திடலில், சவுதாம்ப்டன் குழு ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட்டன் திஸ்ஸிலை 4–1 என வென்று பெற்றது. கோப்ரிட்ஜ் இறுதியாட்டத்துக்கும் இதற்கும் இடையே 49 ஆண்டுகள். அக்கிண்ணம் இன்றும் நடைபெறுகிறது. 2023இல் வெம்பிளித் திடலில் அதன் இறுதியாட்டத்தைக் கண்டவர்கள் 77,390 பேர். நம் நாட்டுப் பெண்களும் நெடுநாள் காத்திருக்கவில்லை. 1975இல் ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசிய மாதர் போட்டியில் மலேசியா நான்காம் இடம் பெற்றது. மாநில மாதர் குழுக்கள் மோதும் நம் நாட்டுக் கிண்ணம் துங்குவின் துணைவியார் துன் ஷரிபா ரொட்சியாவின் பெயர் தாங்கியது.

2018 பிப்ரவரியில் இந்தியாவின் கட்டாக் நகரில் நடந்த தேசிய மகளிர் போட்டியின் இறுதியாட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் பலமுறை வாகை சூடிய மணிப்பூரை 2–1 என வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றனர். அக்குழுவில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூரைச் சேர்ந்தவர். அச்செய்தியைப் பள்ளிப் பலகையில் ஒட்டினேன். அன்று மாலை எங்கள் திடலுக்குப் பதினொரு பெண் பிள்ளைகள் வந்தனர். பையன்களை ஓரமாக நிற்கச் சொன்னேன்.