பரண்மேல் கிடந்த துப்பாக்கி

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகர் கோயிலுக்கு அடுத்த தெரு எங்களுடையது. வீட்டுப் பரண்மேல் நாலரை அடி நீளத்தில் ஒரு துப்பாக்கி கிடந்தது. "ஹைதர் காலத்து சாமான்டா, தொடாதே" என்பார் பாட்டி. 1781 ஜூலை 1-ல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதிய பரங்கிப்பேட்டை நமக்குப் பக்கம்தானே! நானும் நம்பி, ஹாஸ்டலில் பீற்றிக்கொண்டேன். (பழைய அறைத்தோழர்கள் சிரிக்க வேண்டாம்.)

குட்டை உடைத்தவர் நம் வரலாற்றுப் பேராசிரியர். ஹைதர் காலத்தில் சுட்டது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. எங்களுடையதோ கேப்பு வைத்துச் சுடுவது. பக்கத் தகட்டில் கிரீடம், 'டவர்' என்ற எழுத்து, 1859. "என்ஃபீல்டு மாதிரிதான். குழல் உள்ளே பார்த்தியாப்பா?" என்றார். ஊருக்குப் போய்ச் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். வழவழவென்றிருந்தது.

விஷயமே அங்கேதான். 1853 மாடல் என்ஃபீல்டு ரைபிளின் குழலுக்குள் முறுக்கிய 3 காடிகள் உண்டு. குண்டு சுழன்றபடி நேராகப் போகும். 900 கஜம் வரை குறிவைக்க அளவுகோலே உண்டு. 1857-ல் சிப்பாய்கள் கடிக்க மறுத்த கொழுப்புத் தோட்டா இதற்கானதுதான். அதன்பின் இந்தியச் சிப்பாய்க்கென்று தனியாகச் செய்து கொடுத்தார்கள்: வெளியே அதே உருவம், உள்ளே காடி கிடையாது. நூறு கஜம் தாண்டினால் குறி நிற்காது. சிப்பாய் வேண்டும், ஆனால் அவன் குண்டு வெள்ளைக்காரனை எட்டக்கூடாது!

1959 ஆயுதச் சட்டம் கேட்கும் லைசென்ஸ் எங்களிடம் இல்லை. அப்பா அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். இப்போது நான் சேர்ப்பது படங்கள் மட்டுமே. உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது கிடந்தால் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். முதலில் ஸ்டேஷனில் சொல்லுங்கள், பிறகு எனக்கொரு போட்டோ அனுப்புங்கள். குழல் உள்ளே காடி இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.