உறைக்குள் ஏறும் துரு

நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலை பிரான்சின் அன்பளிப்பு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்குச் சிற்பி பர்த்தோல்தியும், உள்ளே இரும்புக்கூடு அமைத்த குஸ்தாவ் ஈஃபெலும் பழகிய பெயர்கள்.

1886-இல் திறக்கப்பட்ட அந்தச் சிலையின் மேல்தோல் 2.4 மில்லிமீட்டர் செப்புத்தகடு. அதைத் தாங்குபவை இரும்புப் பட்டைகள். செம்பும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு அரித்துப்போகும். அது கட்டியவர்களுக்குத் தெரியும். அதனால் இடையில் அரக்கு தோய்த்த கல்நார் வைத்தார்கள்.

நாளடைவில் கல்நார் நைந்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. துருவேறிய இரும்பு பருத்து, செப்புத்தகட்டின் ஆணிகளைப் பிடுங்கியது. வெளியே சிலை பச்சை பூத்து அழகாகவே நின்றது! 1980-களில் பிரெஞ்சு, அமெரிக்கப் பொறியாளர்கள் உள்ளே ஏறிச் சோதித்தார்கள். துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளும் இடையில் டெஃப்லானும் வைத்து, 1986 ஜூலையில் சிலையை மீண்டும் திறந்தார்கள்.

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில், சூடு போகாமலிருக்கப் பஞ்சும் தகடும் சுற்றிய எஃகுக் குழாய்களுக்கும் ஏறக்குறைய இதே நோய்தான். தகட்டு இடுக்கில் புகுந்த நீர் பஞ்சில் தங்கிக் குழாயை அரிக்கும், வெளியே தெரியாது. ஊடுகதிர்ப் படம் எடுக்கிறார்கள். ஐயமுள்ள இடத்தில் உறையைப் பிரித்தும் பார்க்கிறார்கள். காக்கப் போட்ட உறையே கண்ணை மறைத்துவிடுகிறது. அவ்வப்போது பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.