எதைக் கண்டு பயப்படுகிறது?

மணிக்காக ஹோமியோபதி மருந்துக்கடையில் முதன்முறை போய் நின்றபோது, கடைக்காரப் பெரியவர் உடனே புட்டியை எடுத்துத் தரவில்லை. "நாய்க்குப் பயம்ங்கிறீங்க, சரிங்கம்மா. எதைக் கண்டு பயப்படுதுங்க? வெடிச்சத்தமா? இல்ல, என்ன ஏதுன்னே தெரியாம நடுங்குதா?" என்று கேட்டார். மலர் மருந்துகளில், காரணம் தெரிந்த பயத்துக்கு மிமுலஸ், தெரியாத பயத்துக்கு ஆஸ்பென். தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கோவையில் எங்கள் தெருவில் அதற்குள் வெடி ஆரம்பித்துவிட்டது. கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் உடம்பைச் செருகிக்கொண்டு, மணி சோற்றுக்குக்கூட வெளியே வரவில்லை.

பெரியவரின் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில், எட்வர்ட் பாட்ச் என்ற ஆங்கில மருத்துவர் எனக்கு அறிமுகமானார். 1886-இல் பர்மிங்ஹாமை ஒட்டிய மோஸ்லியில் பிறந்தவர். படிப்புக்கு முன்பு அப்பாவின் பித்தளை வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தார். 1912-இல் லண்டனில் மருத்துவரானார். 1917-இல் அவருக்கே புற்றுக்கட்டியை அறுத்தெடுக்க வேண்டி வந்தது. மூன்று மாதம்தான் என்று நாள் குறித்தார்கள். அவரோ ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போய், அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தார்.

1919-இல் லண்டன் ஹோமியோபதி மருத்துவமனையில் சேர்ந்து குடல் கிருமிகளை ஆராய்ந்தார். நல்ல பெயரும் கிடைத்தது. ஆனால் அவர் கவனம் மெல்ல நோயை விட்டு நோயாளியின் பக்கம் திரும்பியது. ஒரே நோயில் படுத்திருக்கும் இருவரில் ஒருவர் எரிந்து விழுகிறார், இன்னொருவர் ஒடுங்கிப் போகிறார். அந்தச் சுபாவத்துக்குத்தான் மருந்து வேண்டும் என்று அவர் நம்பத் தொடங்கினார். 1928-இல் முதல் மூன்று செடிகளை எடுத்துக்கொண்டார்: மிமுலஸ், கிளமாட்டிஸ், இம்பேஷன்ஸ்.

இந்த மூன்றாவது செடி நமக்கு அந்நியமில்லை. நம் வீட்டு முற்றத்துக் காசித்தும்பையின் இமயமலைச் சொந்தம். 1839-இல் தோட்டச் செடியாக இங்கிலாந்துக்குப் போய், ஆற்றங்கரைகளில் தானாகப் பரவியது. முற்றிய காயைத் தொட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். சிறு வயதில் காசித்தும்பைக் காயை விரலிடுக்கில் வைத்து அமுக்காதவர்கள் நம்மில் யார்? அந்தத் தெறிப்பால்தான் பொறுமையின்மை என்று பொருள்படும் லத்தீன் பெயர் அதற்கு வந்தது. பாட்ச் அதைப் பொறுமையில்லாதவர்களுக்கு மருந்தாக வைத்தார்.

1930-இல் லண்டன் தொழிலை விட்டுவிட்டு வேல்ஸுக்கு நடக்கப் போனார். காலை வெயில் படும் பூவின் பனித்துளியில் அந்தச் செடியின் குணம் இறங்கியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. துளித்துளியாகப் பனி சேர்த்து முடியுமா? அதனால் ஒரு வழி கண்டார். மெல்லிய கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுநீரை நிரப்பி, பூக்களை நெருக்கமாக மிதக்கவிட்டு, செடி பக்கத்திலேயே சுமார் மூன்று மணி நேரம் வெயிலில் வைத்தார். பிறகு பூவை எடுத்துவிட்டு, நீரில் சரிபாதி பிராந்தி சேர்த்தார். நீர் கெடாமல் இருப்பதற்கு மட்டுமே பிராந்தி. மரப் பூக்களில் பலவற்றைப் பின்னாளில் அரைமணி நேரம் கொதிக்கவைத்து எடுத்தார். 1934-இல் பிரைட்வெல் கிராமத்தில் மவுன்ட் வெர்னன் என்ற சிறு செங்கல் வீட்டில் குடியேறினார். மறு ஆண்டில் மருந்துகள் 38 ஆயின. 1936 நவம்பரில், ஐம்பது வயதில் இறந்தார். உடனிருந்த நோரா வீக்ஸும் விக்டர் புல்லனும் அதே வீட்டில் அதே முறையில் மருந்து தயாரித்து வந்தார்கள்.

அவர் எழுதி வைத்தவை மனிதர்களின் மனநிலைகள்: திகில், ஏக்கம், பொறாமை, அதிர்ச்சி. இவை நாய்க்கும் பூனைக்கும் உண்டு என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும். மருந்து அவற்றின் தட்டுக்கு வந்தது அந்த வழியில்தான். வீடு மாறினால் வால்நட், பழைய எஜமானரை நினைத்துச் சோறு மறுத்தால் ஹனிசக்கிள், புதுக் குட்டியைக் கண்டு உறுமினால் ஹாலி என்று பட்டியல் நீண்டது. ஐந்து பூக்கள் சேர்ந்த ரெஸ்க்யூ ரெமடி, பிராணிகளுக்கென்று சாராயம் இல்லாமல் கிளிசரினில் தனியாகவே விற்பனைக்கு வந்தது. தமிழ்நாட்டில் மலர் மருத்துவம் என்ற பெயரில் சர்க்கரை உருண்டைகளில் ஊற்றித் தருகிறார்கள்.

இது வேலை செய்கிறதா? மனிதர்களிடம் நடந்த சோதனைகளை எட்சார்ட் எர்ன்ஸ்ட் தொகுத்து 2010-இல் வெளியிட்டார். வெற்று மருந்தைவிட இது மேல் என்று அவற்றில் தெரியவில்லை. விலங்குகளிடம் இன்னும் சிக்கல்: குணமானதா என்று சொல்வது விலங்கு இல்லை, குணமாக வேண்டும் என்று ஏங்கும் நாம். இந்த உண்மையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மறு ஆண்டு மணி திடீரென்று தலையைத் தொட்டால் உறுமினான். பக்கத்து வீட்டுக்கு வந்த குட்டியைப் பார்த்துப் பொறாமை என்று நானே முடிவுகட்டி, பத்து நாள் ஹாலி கொடுத்தேன். கடைசியில் கால்நடை மருத்துவர் காதை மடித்துக் காட்டினார். உள்ளே சிவந்து சீழ் வைத்திருந்தது. பத்து நாள் அந்த வலியோடு அவன் என் காலடியில் படுத்திருந்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

அதன்பிறகு உடம்பில் ஒரு மாற்றம் கண்டால் முதலில் மருத்துவரிடம்தான். ஆனால் பெரியவரின் கேள்வியை நான் விடவில்லை. அடுத்த தீபாவளி நெருங்கியபோது காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வாரம் குறித்து வைத்தேன்: எந்த நேரம், என்ன சத்தம், மணி என்ன செய்தான் என்று. சரவெடிக்குக் காதை மட்டும் அசைத்தான். அணுகுண்டுக்கு எழுந்து நின்றான். ராக்கெட் கிளம்பும்போது வருகிற அந்த நீண்ட 'விஸ்' கேட்டால்தான், வெடிப்பதற்கு முன்பே, கிரைண்டர் சந்துக்கு ஓடினான்.

தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். காலண்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவர்களில் பெரியவன் கேட்டான்: "பாட்டி, ராக்கெட்டை மட்டும் மைதானத்துல போய் விட்டாப் போதுமா?"

"போதும் கண்ணு."