வரி என்னும் வேலி

கணிப்பொறிக் கோப்புகள் பலவற்றில் தகவல் இருக்கும், ஒழுங்கு இருக்காது. ஒரு பெயர் ஒரு வரியில் தொடங்கி மூன்றாம் வரியில் முடியும். தலைப்பையும் மதிப்பையும் ஓரிடத்தில் முக்காற்புள்ளி பிரிக்கும், மற்றோரிடத்தில் வெறும் இடைவெளி பிரிக்கும். இத்தகைய உரையிலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கும் கலையின் வேர், வியப்பூட்டும் வகையில், நரம்பியலில் இருக்கிறது.

1943இல் மெக்கல்லக்கும் பிட்ஸும் நரம்பணுக்களுக்கு ஒரு கணித மாதிரியை முன்வைத்தனர். அம்மாதிரியை ஆராய்ந்த கணிதவியலர் ஸ்டீவன் கிளேனி, 1951இல் எழுதிய அறிக்கையில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்னும் குறியீட்டு முறைக்கு வித்திட்டார். அதை உரை தேடும் கருவியாக்கியவர் கென் தாம்சன். இது குறித்த அவரது கட்டுரை 1968இல் வெளிவந்தது. அவர் யூனிக்ஸுக்காக எழுதிய ஈடி என்னும் உரைத்தொகுப்பானும், அதிலிருந்து பிறந்த கிரெப்பும் உரையை வரிவரியாகவே நோக்கின. வரியைத் தாண்டி நீளும் பொருள் அவற்றின் கண்ணுக்குப் புலப்படவில்லை.

மொழியியல் பயின்ற லாரி வால் 1987 டிசம்பரில் பெர்ல் மொழியை வெளியிட்டார். பிரித்தெடுப்பதற்கும் அறிக்கை தருவதற்குமான நடைமுறை மொழி என்பதே அப்பெயருக்குத் தரப்படும் விரிவு. 1994இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்த வேலியைத் தாண்ட வழி செய்தது. 'எஸ்' என்னும் குறியைச் சேர்த்தால் புள்ளி வரிமுறிவையும் ஏற்கும். 'எம்' சேர்த்தால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் முடிவையும் தனித்தனியே சுட்டலாம். முடிந்தவரை விழுங்கும் தேடலை, போதுமான அளவோடு நிற்கும் தேடலாகவும் மாற்றலாம்.

இவற்றின் அருமையை மரபணு வங்கியான ஜென்பேங்கின் கோப்புகளில் காணலாம். அங்கே ஒரு பதிவின் விளக்கம் பல வரிகளுக்கு நீளும். பதிவு முடிவதைக் காட்டுவது இரட்டைச் சாய்கோடு மட்டுமே. பெர்லிடம் அச்சாய்கோட்டையே எல்லையாகக் கொள்ளச் சொன்னால், அது ஒரு முழுப் பதிவை ஒரே மூச்சில் படிக்கும். அதனுள் விளக்கத்தின் தலைப்பு முதல் அடுத்த தலைப்பு வரை உள்ளதை எடுத்து, நடுவிலுள்ள வரிமுறிவுகளை ஒற்றை இடைவெளியாக்கினால் மதிப்பு கைக்கு வரும்.

1996 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரபணு வரிசை கண்டறிந்த மிகப்பெரிய மையங்கள் இரண்டின் கணிப்பொறியாளர்கள் கூடினர். ஆய்வு முறைகள் ஏறக்குறைய ஒன்றே, கருவிகளும் ஒன்றே. ஆயினும் ஒருவர் தரவை மற்றவர் பயன்படுத்த இயலவில்லை. அதற்குத் தீர்வாக அமைந்தது பெர்ல் என்று லிங்கன் ஸ்டெய்ன் அவ்வாண்டே எழுதினார். மனித மரபணுத் திட்டம் 2003இல் நிறைவுற்றதில் இந்தச் சிறு நிரல்களுக்கும் பங்குண்டு.

எனினும் இக்கருவி எச்சரிக்கை அறியாதது. ஒரு கோப்பை முழுவதுமாகப் படித்துவிட்டு, விழுங்கும் தேடலை அதன்மீது ஏவினால், முதல் பதிவின் தலைப்பில் தொடங்கி இறுதிப் பதிவு வரை அனைத்தையும் ஒரே மதிப்பாக நீட்டும். பிழை என்று ஒரு சொல்லும் சொல்லாது. எது எங்கே முடிகிறது என்பதை அறிந்து சொல்ல வேண்டியவர் அன்றும் இன்றும் உரையைப் படித்த மனிதரே.