எரிந்த கடிதங்களும் எஞ்சிய கடிதங்களும்

பிறருக்கு வந்த கடிதத்தைப் படித்தல் தகாது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தருகிறோம். வரலாறு எழுதப் புகுந்தவருக்கோ அதுவே கடமையாகி விடுகிறது. அரசாங்க ஆவணங்கள் போர்களையும் சட்டங்களையும் கூறும். ஒரு குடும்பம் எதற்கு அஞ்சியது, எதில் மகிழ்ந்தது என்பதை அறியக் கடிதங்களே துணை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பெருங்குடியினர் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள் இதற்குத் தக்க சான்றாகும். பிரபுப் பட்டம் இன்றி நிலவருவாயால் வாழ்ந்தோரும், அவர்களோடு உறவு கொண்ட பாதிரிமாரும், படை அதிகாரிகளும் இவ்வகுப்பைச் சேர்ந்தவர்கள்.

அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அஞ்சற் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் பெறுபவரே செலுத்தினார். தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் கொண்டு கட்டணம் கணக்கிடப்பட்டது. உறையும் ஒரு தாளாக எண்ணப்பட்டதால், எழுதிய தாளையே மடித்து அரக்கிட்டு, அதன் வெளிப்புறத்தில் முகவரி எழுதினர். செய்தி மிகுதியாயின், நிரம்பிய தாளைக் குறுக்கே திருப்பி, முன் எழுதிய வரிகளின் மீதே மீண்டும் எழுதுவதும் உண்டு. பார்லிமெண்டு உறுப்பினரின் கையொப்பம் பெற்ற கடிதம் கட்டணமின்றிச் செல்லும். ஆதலால் அத்தகைய நண்பரைப் பலரும் நாடினர். முன்பு பள்ளி ஆசிரியராக இருந்த ரோலண்டு ஹில் 1837ஆம் ஆண்டில் இம்முறையை மாற்ற வேண்டுமென்று ஒரு சிற்றேடு எழுதினார். அதன் பயனாக, 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸ் எடையுள்ள கடிதம் நாட்டில் எங்கும் ஒரு பென்னிக்குச் சென்றது. உறுப்பினரின் சலுகையும் அவ்வாண்டே ஒழிந்தது.

இனி ஒரு குடும்பத்தை நோக்குவோம். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் ஒரு கிராமப் பாதிரியாரின் மகள். அவருடைய தமையன்மாருள் எட்வர்டு, செல்வம் மிக்க உறவினரால் சுவீகாரம் எடுக்கப்பட்டுக் கென்ட் மாவட்டத்தில் பெருநிலக்கிழார் ஆனார். உடன்பிறந்தோருள் பிரான்சிஸ், சார்லஸ் என்னும் இருவர் கடற்படையில் சேர்ந்தனர். ஜேன் அம்மையாரும் தமக்கை கசாண்டிராவும் மணம் புரியாதவர்கள். உறவினர் இல்லங்களுக்குச் சென்று தங்கி உதவுவது அத்தகைய பெண்களின் கடமையாகக் கருதப்பட்டது. ஒருவர் எட்வர்டின் மாளிகைக்குச் சென்றால், மற்றவர் வீட்டிலிருந்து எழுதுவார். துணியின் விலை, நடன விருந்து, தாயின் உடல்நிலை, கடற்படைச் சகோதரரின் பதவி உயர்வு ஆகியன அக்கடிதங்களில் ஒன்றை அடுத்து ஒன்றாக வரும். பெரிய வரலாறும் இவ்வாறே வீட்டினுள் நுழைந்தது. 1805ஆம் ஆண்டு டிரபால்கர் போர் நிகழ்ந்தபோது, பிரான்சிஸ் தலைமை தாங்கிய கப்பல் நெல்சனின் ஆணைப்படி தண்ணீரும் உணவுப் பொருள்களும் ஏற்றச் சென்றிருந்தது. போரில் பங்குபெறாமற்போன வருத்தத்தை அவர் தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணுக்குக் கடிதத்திலே எழுதினார்.

ஜேன் அம்மையார் 1817இல் மறைந்தார். தங்கையின் கடிதங்களைப் பல ஆண்டுகள் காத்துவந்த கசாண்டிரா, 1845இல் தாம் இறப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் அவற்றை எடுத்துப் பார்த்துப் பெரும்பாலானவற்றை எரித்துவிட்டார். எஞ்சியவற்றுள்ளும் சில பகுதிகள் வெட்டப்பட்டிருந்தன. பிரான்சிஸ் தம்மிடமிருந்த கடிதங்களைத் தம் இறுதி நாள் வரை பேணினார். 1865இல் அவர் மறைந்தபின், அவர் மகள் ஒருவர் எவரையும் கலவாமல் அவற்றை அழித்துவிட்டார். இன்று ஜேன் அம்மையாரின் கடிதங்களாக எஞ்சியவை ஏறத்தாழ 160 மட்டுமே.

இதனால் நாம் இழந்தது யாது? 1801 மே இறுதி முதல் 1804 செப்டம்பர் வரை அவருடைய கடிதம் ஒன்றேனும் கிடைக்கவில்லை. அக்காலத்தில், 1802 டிசம்பரில், செல்வக் குடும்பத்து இளைஞர் ஒருவர் அவரை மணக்க விரும்பினார். மாலையில் இசைந்த ஜேன் அம்மையார் மறுநாட் காலையில் மறுத்துவிட்டார். குடும்பத்தார் வாய்மொழியாகச் சொல்லிவந்ததனாலேயே இதனை அறிகிறோம். இவ்விடைவெளிக்குக் கசாண்டிரா இட்ட நெருப்பே காரணம் என்று உடனே முடிவு செய்துவிடலாகாது. அந்த நாளில் சகோதரிகள் இருவரும் ஒரே வீட்டில் விருந்தினராகத் தங்கியிருந்தனர். அருகில் இருப்பவருக்கு யார் கடிதம் எழுதுவார்? கடிதம் பிரிவின் குழந்தை. சேர்ந்து வாழ்ந்த நாட்களைப் பற்றி அது பேசுவதில்லை.

மற்றொரு மௌனமும் உண்டு. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் மணம் புரிந்த பெண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பதிவேட்டில் பெயர் எழுத இயலாமல் குறியிட்டனர். பெருங்குடியினரின் அடுப்பை மூட்டியவர்களும், அவர்களுடைய கடிதங்களை வாசலிலே வாங்கி உள்ளே கொண்டுசென்றவர்களும் அத்தகைய எளிய குடும்பங்களிலிருந்தே வந்தனர்.

மாணவர்களே! பழைய கடிதம் ஒன்று உங்கள் கைக்கு வருமாயின், அது கூறும் செய்தியை மட்டும் குறித்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். அதை எழுதியவர் யார், காத்தவர் யார், அதனோடு இருந்து அழிந்தவை எவை, எழுதவே இயலாதிருந்தவர் யார் என்றும் வினவுங்கள். கசாண்டிராவைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. தங்கை தமக்கு மட்டும் சொன்னதை அவர் தம்மோடு வைத்துக்கொண்டார். ஆனால் அவர் தேர்ந்து விட்டுச்சென்றதே ஜேன் அம்மையாரின் முழு வாழ்க்கை என்று எண்ணுவோமாயின், பிழை நம்முடையதே ஆகும்.